எந்த க்யூப் லேபுக்குப் போகிறது?

திருச்சி,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. போன மாதம் நீ போனில் சொன்னதற்குப் பதில் ஏதும் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும்தான். ஆனால் எனக்கு வாய்ப்பேச்சில் சட்டென்று எதுவும் வராது என்பது உனக்குத் தெரியும். சண்டைக்கான நல்ல பதிலெல்லாம் மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் தோன்றும். வாட்ஸப்பில் நாலு வரி தட்டினால் நீ ஒரு கைகூப்பும் பொம்மையைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால் கடிதம்.

நீ சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "முன்னேற்றம், பகுத்தறிவு, வளர்ச்சி எல்லாமே ஒரு பெருங்கதையாடல்ப்பா. நீங்க முப்பது வருஷமா கட்டின வீடுங்க அதுல ஒரு அத்தியாயம். ஏழைங்களை அடுக்கி வைக்கிற அலமாரி."

பெருங்கதையாடல், அதாவது உலகத்தில் நடப்பதையெல்லாம் அடக்கிச் சொல்லும் ஒரே பெரிய கதை, என்ற சொல்லுக்கு நான் அசரவில்லை. அலமாரிதான் இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை.

பெருங்கதையாடல் நீ பிறப்பதற்கு முன்பே நம் வீட்டுக்கு வந்துவிட்ட சொல். பரணில் இருக்கிற தகர டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மேலாக என் டிப்ளமோ சர்டிபிகேட் இருக்கும், அதற்கு அடியில் 'நிறப்பிரிகை' இதழ்கள் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் அ. மார்க்ஸ், ரவிக்குமார் போன்றவர்கள் நடத்திய பத்திரிகை. அதற்கும் முன்னால், 1982-லேயே தமிழவன் 'ஸ்ட்ரக்சுரலிசம்' என்று ஒரு தடிமனான புத்தகம் எழுதிவிட்டார். அதை சைட் ஷெட்டில் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து படித்தவன் நான். புரிந்தது கால்வாசி. எங்கள் வாசகர் வட்டத்தில் பிரதி, சொல்லாடல், கட்டுடைப்பு என்றெல்லாம் பேசிப் பேசி டீக்கடைக் கணக்கு ஏறியதுதான் மிச்சம் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்வாள். பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் "என்னய்யா, தெரிதா?" என்பார். இன்னொருவர் "ஒண்ணும் தெரியலியே!" என்பார். அது எங்கள் காலத்து ஜோக்.

சிரிப்புக்கு நடுவே விஷயமும் இருந்தது. சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தது. வட்டத்தில் பாதிப் பேர் கட்சிக்காரர்கள். வரலாறு ஒரு திசையில்தான் போகும், கடைசியில் பொதுவுடைமையில்தான் போய் நிற்கும் என்று நம்பியவர்கள் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்த நேரம் அது. ஒருவர், பெரிய கதை எதையும் நம்பாத இந்தப் பின்நவீனத்துவமே மார்க்சியத்தைக் குழிதோண்டிப் புதைக்க வந்த மேல்நாட்டுச் சதி என்றார். இன்னொரு தோழர் எழுந்து, "வர்க்கம் வர்க்கம்னு ஒரே கதையாச் சொல்லி எங்க சேரியை அதுக்குள்ள மறைச்சிட்டீங்க. எங்க கதையைத் தனியாச் சொல்றதுக்கு இது வழி விடுதுன்னா, பாரிஸ்ல இருந்து வந்தா என்ன, பரமக்குடியில இருந்து வந்தா என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. தலித் அரசியலோடு சேர்த்து இந்தச் சிந்தனையைத் தமிழில் பேசியதில் நிறப்பிரிகைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் அப்பாவுக்கு இது தெரியாத விஷயம் என்று நினைக்காதே. எனக்கு இதில் பழைய பாக்கி இருக்கிறது.

பெருங்கதையாடல்கள்மேல் வைக்கும் அவநம்பிக்கைதான் பின்நவீனம் என்று சொன்ன பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதாரை உன் வகுப்பில் எப்படி நடத்துகிறார்களோ. 1979-ல் வந்த அந்தச் சின்னப் புத்தகம் முதலில் புத்தகமே இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களின் குழு ஒன்று கேட்டதற்காக, வளர்ந்த நாடுகளில் அறிவின் நிலை என்ன என்று அவர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட். எனக்கு இது ரொம்பப் பிடித்த செய்தி. அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் எழுதி எழுதியே ஓய்வுபெற்றவன் நான். என் ரிப்போர்ட் ஒன்றுகூட அலமாரியைவிட்டு (உன் சொல்தான்) வெளியே வந்ததில்லை. அவருடையது உலகத்தையே சுற்றிவந்தது. பிற்காலத்தில் அவரே ஒரு பேட்டியில், தான் படிக்காத புத்தகங்களையெல்லாம் அதில் மேற்கோள் காட்டியதாகவும், தன் புத்தகங்களிலேயே மோசமானது அதுதான் என்றும் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அவர் வெறுமனே உட்கார்ந்து யோசித்து அந்த அவநம்பிக்கைக்கு வந்தவர் அல்ல. 1950-ல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரத்தில் பள்ளி வாத்தியாராக இருந்தார். விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன பிரான்ஸ், அங்கே அல்ஜீரியர்களை என்ன பாடு படுத்தியது என்று கண்ணால் பார்த்தார். திரும்பி வந்து இடதுசாரிக் குழு ஒன்றில் பத்து வருஷத்துக்கும் மேலாக உழைத்தார். மனித குலத்துக்கு விடுதலை வாங்கித் தருகிறேன் என்ற இரண்டு கதைகளையும் உள்ளேயிருந்து பார்த்தவர். அதற்கெல்லாம் மேலே ஐரோப்பாவின் நெஞ்சில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் கிடந்தது. தத்துவவாதி காண்ட் 1784-ல் 'சொந்தமாக யோசிக்கத் துணி' என்று எழுதியது ஜெர்மன் மொழியில். நூற்றறுபது வருஷம் கழித்து, ரயில் நேரப் பட்டியலோடு, ரசீதோடு, கணக்கோடு ஆட்களைக் கொன்ற அதிகாரிகள் கோப்பு எழுதியதும் அதே மொழியில். அறிவு வளர வளர மனிதன் நல்லவனாகிவிடுவான் என்ற கதையை அதற்கப்புறமும் சொல்ல வாய் வராது. அந்த இடத்தில் நானும் உன் பக்கம்தான்.

இப்போது நீ படிக்கும் அமெரிக்க ஊருக்கு வருகிறேன். செயின்ட் லூயிஸ் போன புதிதில், டெல்மார் சாலைக்கு வடக்கே போகாதே என்று சீனியர்கள் சொன்னதாக நீ சொன்னாய். வடக்கே கறுப்பர்கள், தெற்கே வெள்ளையர்கள் என்று ஒரு தெருவே ஊரை வகுந்துபோட்டிருக்கிறது என்றாய். அந்த வடக்கே, கேஸ் அவென்யூவும் ஜெஃபர்சன் அவென்யூவும் சந்திக்கிற மூலையில்தான் நவீனத்துவம் செத்துப்போனது. நான் சொல்லவில்லை. சார்ல்ஸ் ஜென்க்ஸ் என்ற கட்டடக்கலை விமர்சகர் 1977-ல் எழுதினார். நவீனக் கட்டடக்கலை 1972 ஜூலை 15, பிற்பகல் 3:32-க்கு, 'அல்லது ஏறத்தாழ அந்நேரத்துக்கு' செத்தது என்று டாக்டர் சர்டிபிகேட் மாதிரி எழுதினார். ப்ரூட்-ஐகோ என்ற குடியிருப்பை வெடிவைத்துத் தகர்த்ததைத்தான் அப்படிச் சொன்னார்.

33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, மொத்தம் 2,870 வீடுகள். வரைந்தவர் மினோரு யமசாகி. பின்னால் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் வரைந்தாரே, அவரேதான். 1954-ல் முதல் குடும்பம் குடிவந்தது. பதினெட்டே வருஷத்தில் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் புழுதி மேகத்தின் படத்தைப் போடாத பாடப்புத்தகம் இல்லை. பாருங்கள், பகுத்தறிவு கோடு போட்டு ஏழைகளுக்கு வீடு கட்டினால் இப்படித்தான் முடியும் என்பது பாடம். நீ என்னிடம் சொன்னதும் ஏறக்குறைய அதே பாடம்தான், இல்லையா?

கட்டடம் கட்டினவன் என்ற முறையில் இந்தப் பிரேதப் பரிசோதனையை நானும் ஒருதரம் செய்து பார்த்தேன்.

முதலில் தேதி. வெடிவைத்தது அந்த வருஷம் மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது. ஜூலை என்பது நடுவில் ஒரு கட்டம். பரிசு வாங்கிய கட்டடம் என்று ஜென்க்ஸ் எழுதினார், எல்லோரும் திருப்பி எழுதினார்கள். கேத்தரின் பிரிஸ்டல் என்பவர் 1991-ல் ஒரு கட்டுரையில் இதையெல்லாம் பிரித்துப்போட்டுக் காட்டினார். ப்ரூட்-ஐகோ எந்தப் பரிசும் வாங்கியதில்லை; பரிசு வாங்கியது அதே குழு அதே ஊரில் முன்னால் கட்டிய காக்ரன் கார்டன்ஸ். சாவு பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் செத்தவர் பெரிய மனிதராக இருக்க வேண்டும் அல்லவா, அதனால் பரிசும் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது.

அடுத்து பணம். யமசாகி முதலில் கேட்டது உயரமும் குட்டையும் கலந்த கட்டடங்கள். செலவு கட்டுப்படியாகாது, எல்லாம் ஒரே உயரம் என்று மேலே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பிறகு மிச்சம் பிடிக்க ஆரம்பித்தார்கள். மிச்சம் பிடிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், எஸ்டிமேட்டில் சிவப்பு மையால் அடிப்பது. கதவுப் பூட்டும் கைப்பிடியும் முதல் தடவை திருப்பும்போதே கையோடு வந்தனவாம். சட்டம் பிடிக்காமல் ஜன்னல் கண்ணாடிகள் காற்றுக்கே பிய்த்துக்கொண்டு போயின. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. நாலு, ஏழு, பத்து என்று மூன்று மாடிக்கு ஒருதரம்தான் நிற்கும். நிற்கிற மாடியில் நீளமான நடை, அங்கே குழந்தைகள் விளையாடும், பெண்கள் துணி துவைப்பார்கள், மற்றவர்கள் படியில் ஏறி இறங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. பத்திரிகைகள் அந்த யோசனையைப் பாராட்டின. மாலை இருட்டில் அதே நடையில்தான் பெண்களை வழிமறித்தார்கள்.

இதுவரை ஜென்க்ஸ் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் லிஃப்ட் ஏன் பழுதாகியே கிடந்தது? இதைத்தான் விமர்சகர்கள் கேட்கவில்லை, என் மாதிரி ஆள் கேட்பான். 1949 சட்டப்படி கட்டுவதற்கு மத்திய அரசு பணம் தரும். பராமரிப்புக்கு ஒரு காசு தராது. குடியிருப்பவர்கள் கட்டுகிற வாடகையில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். குடியிருப்பவர்களோ ஏழைகள். வீடு காலியானால் வாடகை குறையும், வாடகை குறைந்தால் ரிப்பேர் நிற்கும், ரிப்பேர் நின்றால் இன்னும் நாலு வீடு காலியாகும். கம்பி துருப்பிடிப்பது மாதிரிதான். வெளியே தெரியும்போது உள்ளே முடிந்திருக்கும்.

ஏன் காலியானது? ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. 1950-ல் செயின்ட் லூயிஸ் மக்கள்தொகை சுமார் 8.57 லட்சம். 1970-ல் 6.22 லட்சம். அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்த வீட்டுக்கடனில் வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள். அந்தக் கடன் கறுப்பர்களுக்குக் கிடைக்காது. ப்ரூட் கறுப்பர்களுக்கு, ஐகோ வெள்ளையர்களுக்கு என்றுதான் முதலில் பிரித்துத் திட்டமிட்டார்கள். பிரிவினை சட்டப்படி செல்லாது என்றானதும் வெள்ளையர்கள் அங்கே இருக்கவில்லை. 1969-ல் வாடகை ஏறிக்கொண்டே போனதால் ஊரின் பொதுக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் ஒன்பது மாதம் வாடகை கட்ட மறுத்துப் போராடினார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்த வருஷம்தான் பொதுக் குடியிருப்பில் வாடகை, குடியிருப்பவரின் வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்தது. நம்முடைய விமர்சகர் எழுதிய சாவுச் செய்தியில் இந்தப் பெண்களுக்கு இடமே இல்லை.

அதனால்தான் கேட்கிறேன், கயல். பெருங்கதையாடல்களை நம்பாதே என்று சொல்லப் புறப்பட்ட பின்நவீனத்துவக்காரர்களுக்கு, தங்கள் பிறப்பைச் சொல்ல ஒரு பெருங்கதையாடல் தேவைப்பட்டது. தேதி போட்டு, நேரம் போட்டு, இல்லாத பரிசையும் கொடுத்து. உன் வகுப்பில் அந்தப் படத்தைத் திரையில் போடும்போது யாராவது கையைத் தூக்கி "லிஃப்டுக்கு வருஷாந்திர மெயின்டனன்ஸ் யார் பட்ஜெட்?" என்று கேட்டார்களா?

அறிவுக்குள் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ விஷயத்தில் எனக்கு இந்தச் சண்டை இல்லை. அவர் ஆவணக் காப்பகத்தில் புழுதி தின்றவர். சிறைச்சாலை பற்றி அவர் 1975-ல் எழுதிய புத்தகத்தின் முதல் பக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். 1757-ல் பாரிஸில், மன்னனைக் கத்தியால் கீறிய தாமியான் என்பவனைக் குதிரைகளைக் கட்டி இழுத்துக் கொல்கிறார்கள். படிக்கும்போது என்னால் சாப்பிட முடியவில்லை. திருப்பினால் எண்பது வருஷம் கழித்து ஒரு சிறையின் நேரப் பட்டியல். குளிர்காலத்தில் ஆறு மணிக்கு, கோடையில் ஐந்துக்கு எழ வேண்டும். முதல் முரசுக்குப் பேசாமல் உடுத்த வேண்டும், இரண்டாவது முரசுக்குப் படுக்கையைச் சரிசெய்ய வேண்டும், மூன்றாவதுக்குப் பிரார்த்தனைக்கு வரிசை. ரத்தமே இல்லை. நாம் நாகரிகம் அடைந்துவிட்டோம் என்று நினைக்கும்போது அவர் கேட்கிறார்: இது இரக்கமா, இல்லை செலவு குறைந்த, கசியாத அதிகாரமா?

உன் ஊரிலேயே அதற்கு அத்தாட்சி இருக்கிறது. ப்ரூட்-ஐகோவில் உதவித்தொகை வாங்கும் குடும்பத்தில் உழைக்கத் தெம்புள்ள ஆண் இருக்கக் கூடாது என்று விதி. இரவில் அதிகாரிகள் வந்து சோதிப்பார்கள். அப்பா வீட்டில் ஒளிந்துகொள்வார், பிள்ளை "இல்லை" என்று சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதியவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். வரிப்பணம் வீணாகக் கூடாது என்று நினைத்த, ஒழுங்கான மனிதராக இருந்திருப்பார். ஒரு தகப்பனாக இதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று வாக்கிங் போகவில்லை. இன்னொன்று. இடித்த இடம் பல வருஷம் காடு மண்டிக் கிடந்தது. இப்போது அதற்கு எதிரே வானத்திலிருந்து எடுத்த பூமியின் படங்களை ஆராயும் அமெரிக்க உளவு நிறுவனம் ஒன்று புது வளாகம் கட்டியிருக்கிறது. ஃபூக்கோ இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

சரி, அப்படியென்றால் உண்மை என்பதே அதிகாரம் சொல்வதுதானா? அன்று நீ அங்கேதான் போய் முடித்தாய். அங்கேதான் நான் போனை அம்மாவிடம் கொடுத்தேன். பதில் இப்போது சொல்கிறேன்.

கான்கிரீட் போடும்போது அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, பதினைந்து சென்டிமீட்டர் சதுர அச்சில் ஊற்றி வைப்போம். க்யூப் என்போம். 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, லேபுக்கு அனுப்பி, மிஷினில் வைத்து நசுக்குவார்கள். எத்தனை பாரத்துக்கு உடைகிறது என்று பார்ப்பது. அந்த மிஷினுக்கு முன்னால் எந்தச் சொல்லாடலும் செல்லாது. மந்திரி திறந்துவைத்த கட்டடம், கலெக்டர் சொன்ன கட்டடம் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. சிமெண்ட் குறைந்தால் க்யூப் உடையும். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வேலையில் என்ன நடந்தது தெரியுமா? கான்ட்ராக்டர் பெயர் வேண்டாம். தூணுக்குப் போட்டது ஒரு கலவை. க்யூபுக்குத் தனியாகச் சிமெண்ட் அதிகம் போட்டுக் கலந்தது இன்னொரு கலவை. ராத்திரியில் நடந்தது. லேபில் க்யூப் பிரமாதமாக பாஸ் ஆனது. லேப் பொய் சொல்லவில்லை, மிஷினும் பொய் சொல்லவில்லை, ரிப்போர்ட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணும் நிஜம். நான் சுத்தியலால் தூணைத் தட்டியபோது வந்த சத்தத்தில்தான் சந்தேகம் வந்தது. உடைக்கச் சொன்னேன். உடைக்க விடவில்லை. மூன்று மாதத்தில் எனக்கு டிரான்ஸ்ஃபர்.

ஃபூக்கோ சொன்னதில் எனக்குப் புரிந்தது இந்த க்யூப்தான். உண்மையே இல்லை என்பதல்ல. எந்த க்யூப் லேபுக்குப் போகிறது, யார் அனுப்புகிறார், எந்தத் தூணை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது. ஆனால் கேட்டுக்கொள்: தூணில் சிமெண்ட் குறைவு என்பதே ஒரு 'பார்வை'தான் என்று நீ சொல்லிவிட்டால் அதிகம் சந்தோஷப்படப்போவது அந்த கான்ட்ராக்டர். என்னுடைய சுத்தியலையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறாய். 1996-ல் நியூயார்க்கில் ஆலன் சோகல் என்ற இயற்பியலாளர், இயற்பியலையே சமூகம் கட்டியமைத்த கதை என்று வாய்க்கு வந்ததை அலங்காரமாக எழுதி அனுப்ப, ஒரு பத்திரிகை அதைப் போட்டே விட்டது. அதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். இன்றைக்கு எல்லாக் கட்சிக்காரனும் "அது உங்க உண்மை, இது எங்க உண்மை" என்கிறானே, அதுதான் சிரிக்க முடியவில்லை.

இனி அலமாரி.

1984-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு மூன்று மாடிக் குடியிருப்பு. வீட்டுக்கு ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, கக்கூஸ். வரைபடத்தில் என் கையெழுத்தும் உண்டு. மேல்மாடியில் ஒரு அம்மா வந்தார், ஐம்பது வயதிருக்கும், இட்லி வியாபாரம். சாமானெல்லாம் மேலே போய்விட்டது, அம்மி மட்டும் போகவில்லை. உள்ளே வைக்க இடம் இல்லை. வைத்து அரைத்தால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். படிக்கட்டுத் திருப்பத்தில் போட்டுக்கொண்டார். பொது வழியில் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது என்று ஆபீஸ் உத்தரவு. எடுக்கச் சொல்லப் போனவன் நான். அவர் அம்மிமேலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "எல்லாத்தையும் அளந்தீங்களே தம்பி, என் அம்மிய அளந்தீங்களா?"

அளக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் மேஜையில் 'ஒரு நபருக்கு இத்தனை சதுர அடி' என்று இருந்தது. அந்த நபரிடம் அம்மி இருக்கும் என்று இல்லை. நான்கு பேர் சேர்ந்து அதைக் கீழே உருட்டிக்கொண்டு போனோம். ஒவ்வொரு படியிலும் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு படியின் முனை உடைந்தது. அந்த முனையைப் பூசியதற்கு வேலை அளவு பதியும் எம் புக்கில் எழுதி பில் போட்டேன்.

இது உன் கட்சிக்கு நான் கொடுக்கிற சாட்சி. ஆனால் அந்த ஐப்பசியில் மழை கொட்டியபோது அதே படிக்கட்டில் அந்த அம்மா என்னை நிறுத்தி, "முப்பது வருஷத்துல மொத தடவையா மழை ராத்திரியில படுத்துத் தூங்கினேன் தம்பி" என்றார். முன்பெல்லாம் மழை என்றால் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நிற்பாராம். இதை எங்கே எழுதுவாய்? ப்ரூட்-ஐகோவில் குடியிருந்த ஒரு பெண்மணியும் பிற்காலத்தில் ஆவணப்படம் ஒன்றில், குடிவந்த நாளில் அது தனக்கு 'ஏழையின் பென்ட்ஹவுஸ்' மாதிரி இருந்தது என்று கண் மலரச் சொல்கிறார். முதல் தடவையாகத் தனிப் படுக்கை, குழாயில் தண்ணீர். அதே வீட்டில் பின்னால் பயந்து பயந்து வாழ்ந்ததையும் அவர்கள்தான் சொல்கிறார்கள். அலமாரி என்றும் சொல்ல முடியாது, மாளிகை என்றும் சொல்ல முடியாது.

நவீனம் போதும், திரும்பிப் போகலாம் என்பவர்களிடம் நான் எப்போதும் கேட்பது, எங்கே என்று. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைச் சாக்கடை என்று சொன்னபோது பலருக்குச் சுட்டது. குளத்தில் தண்ணீர் எடுக்க விடாதவர்களுடைய ஊரில் இருந்து பார்த்தால், எல்லோருக்கும் ஒரே குழாய் என்ற அந்தச் சுரணையற்ற, அம்மியை அளக்காத நவீனம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஜெர்மன் தத்துவவாதி ஹேபர்மாஸ் 1980-ல் பிராங்க்பர்ட்டில் நவீனத்துவம் இன்னும் முடியாத வேலை என்று பேசினார். முடியாத வேலை என்றால் என்னவென்று எனக்குப் புரியும். ஃபைனல் பில் போடக் கூடாது, குறைகளைப் பட்டியல் எடுக்க வேண்டும். அவரும் பாதி வேலையில் குடியிருந்தவர்களைக் கேட்டாரா என்பது வேறு சண்டை. அதை நீ வரும்போது போடலாம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பகல் நேரத்தில், கூட யாரையாவது அழைத்துக்கொண்டு, ஒருநாள் அந்த கேஸ் அவென்யூ பக்கம் போய்விட்டு வா. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது எழுபது வயது இருக்கும், அந்தப் பக்கத்துச் சர்ச்சுகளில் பார்க்கலாம். கட்டுரைக்காக இல்லை, சும்மா பேசு. லிஃப்ட் எந்த மாடியில் நிற்கும், நிற்காதபோது காய்கறிப் பையை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேள். முதலில் பெயரைக் கேள்.

அந்த இட்லிக்கார அம்மாவின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டும் என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சி பிளாக், மூன்றாவது மாடி, கதவு எண் 38. அதுதான் வருகிறது.

அன்புடன்
அப்பா

பி.கு.: பருப்புப் பொடி பார்சலில் வருகிறது. இது மிக்ஸியில் அரைத்தது, அம்மியில் இல்லை. அம்மா சொல்லச் சொன்னாள்.